மின்மினிக் குகையில் ஐந்து பேர்

ஒருநாள் காலையில் மின்மினிக் குகை இருண்டுபோனது. உள்ளே ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள்.

தப்பு யாருடையது என்பது பிறகு. முதலில் குகையைச் சொல்லிவிடுகிறேன்.

மலையின் கீழ்ச்சரிவில் அது இருந்தது. வாசல் சின்னது. கரடி என்றால் குனிந்து நுழைய வேண்டும். முதல் திருப்பம் வரை வெயில் எட்டிப் பார்க்கும். இரண்டாவது திருப்பத்தில் கும்மிருட்டு. மூன்றாவது திருப்பத்தைத் தாண்டினால் பெரிய மண்டபம் போல ஒரு வெளி. அதன் கூரை முழுக்க மின்மினிப் புழுக்கள்.

எத்தனை என்று கேட்காதீர்கள். எண்ணப் போனவர்கள் எல்லாரும் பாதியில் விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு புழுவும் தன் வாயிலிருந்து நூல் எடுத்துக் கீழே தொங்கவிடும். நூலில் வரிசையாகப் பசைச் சொட்டுகள். புழு தன் வால் நுனியில் நீல வெளிச்சம் ஏற்றும். கொசு அதைப் பார்த்து வரும். நூலில் ஒட்டும். புழு நூலை மேலே இழுத்துச் சாப்பிடும். நமக்கு அது வேடிக்கை. புழுவுக்கு அதுதான் அடுப்பு.

அந்தப் புழுக்கள் பேசுவதில்லை. சத்தம் கேட்டால் பயந்துவிடும். பயந்தால் வெளிச்சத்தை அணைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

வெளிச்சம் இல்லாமல் அங்கே நடக்க முடியாது. மண்டபத்தின் நடுவில் ஆழமான நீர். ஓரமாகப் பாறை விளிம்பு ஒன்று சுற்றிப் போகும். அகலம் ஒரு கரடி அளவு. கால் தவறினால் தண்ணீர். விளிம்பின் கடைசியில் கணுக்கால் அளவு ஆழத்தில் ஒரு துறை உண்டு. அங்கே குடிக்கலாம். பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் சுற்றிக் காட்டுவது ஓர் உடும்பு.

நல்ல வழிகாட்டிதான். ஆரம்பத்தில் மிகவும் நல்ல வழிகாட்டி. ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்ததே அதுதான். இருட்டில் யாரும் வழிதவறக் கூடாது என்பதற்காக. முன்பெல்லாம் மூன்றாவது திருப்பத்தில் நின்று ஐம்பது மூச்சு வரை அசையாமல் இருக்கும். பின்னால் வருபவர்களும் அப்படியே நிற்பார்கள். அதன்பிறகு உள்ளே கூட்டிப் போகும்.

வெளியே வந்தவர்கள், "உடும்பண்ணே, என்னமா காட்டுனீங்க" என்றார்கள். அது உடும்புக்குப் பிடித்துப்போயிற்று. காட்டியது புழு. பாராட்டு உடும்புக்கு. கொஞ்ச நாளில் வாசலில் நின்று பேச ஆரம்பித்தது. பிறகு உள்ளேயும் பேசியது. ஐம்பது மூச்சு இருபதானது. இருபது, ஒன்றுமில்லை என்றானது.

கூரையில் வெளிச்சம் குறைந்தது. உடும்பு யோசித்தது. வருகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், அதனால்தான் என்று முடிவு கட்டியது. அவர்களை அதட்ட ஆரம்பித்தது. அதட்ட அதட்ட வெளிச்சம் இன்னும் குறைந்தது. உடும்பு இன்னும் உரக்க அதட்டியது.

அப்படிப்பட்ட நாள் ஒன்றில்தான் இது நடந்தது. கோடை. வெயில் நெருப்பு.

வாசலில் நான்கு பேர் நின்றார்கள். ஒரு கீரி, ஒரு மயில், ஒரு கரடி. கடைசியில் ஓர் ஆட்காட்டிக் குருவி.

ஆட்காட்டியைத் தெரியாதவர்கள் இருந்தால் சொல்கிறேன். நீளமான மஞ்சள் கால். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை. யாராவது வந்தால் கத்தும். வராவிட்டாலும், வந்துவிடுவார்களோ என்று கத்தும். வேட்டைக்குப் போகும் சிறுத்தை அதைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிவிடும். காட்டில் அதைவிடப் பெரிய வாய் கிடையாது.

உடும்பு அதைப் பார்த்ததும் தலையை ஆட்டியது.

"நீ வேண்டாம்மா. நீ தூக்கத்திலேயே கத்துறவ."

"அண்ணே, வேடிக்கை பார்க்க வரலை" என்றது ஆட்காட்டி. "தண்ணிக்கு வந்தேன்."

"தண்ணிக்குக் குளம் இருக்கு."

"நேத்து வரைக்கும் சேறாவது இருந்தது. இன்னைக்கு அதுவும் வெடிச்சுப்போச்சு. என் முட்டை நாலும் வெட்டவெளியில கூழாங்கல் மேல கிடக்கு. வீட்டுக்காரர் சிறகை விரிச்சு நிழல் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். இந்த வெயிலுக்கு நிழல் போதாது. வயித்து இறகை நனைச்சுக்கிட்டுப் போய் முட்டை மேல உட்காரணும். அப்பத்தான் ஆறும்."

"எப்ப போகணும்?"

"வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள. இல்லேன்னா நாலும் வெந்துடும்."

உடும்பு சூரியனைப் பார்த்தது. நேரம் இருந்தது. அதற்கும் மனசு உண்டு.

"சரி. ஆனா ஒண்ணு. உள்ளே போனதிலிருந்து வெளியே வர்ற வரைக்கும் உன் அலகுல கரடியோட வால் இருக்கணும். வாய் அடைச்சிருந்தா கத்த மாட்டே."

"என்னைக் கேட்டீங்களா?" என்றது கரடி. "எனக்கு வால் இருக்கிறதே விரலளவு. அதையும் கொத்தினா நான் என்ன பண்றது?"

"கொத்த மாட்டேன் அண்ணே. நுனி முடியைப் பிடிச்சுக்கிறேன்."

"நான் இந்த வயசு வரைக்கும் எவன் வாலையும் பிடிச்சதில்லை. எவனும் என் வாலைப் பிடிச்சதும் இல்லை."

"இன்னைக்கு மயிலோட தோகை கிடைச்சிருக்கு. கொடுத்து வச்சவர்" என்றது கீரி.

மயில் திரும்பிப் பார்த்தது. "ஒரு இறகு உதிர்ந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

"உதிர்ந்தா எடுத்து உன் தலையிலேயே சொருகிடறேன்" என்றது கரடி.

"பேசாதீங்க!" என்று உடும்பு அதட்டியது. இன்னும் குகைக்குள் காலே வைக்கவில்லை.

வரிசை கிளம்பியது. முன்னால் உடும்பு. அதன் வாலைக் கவ்வியபடி கீரி. கீரியின் வாலை அலகில் பிடித்தபடி மயில். மயிலின் தோகையை இரண்டு விரலால் பிடித்தபடி கரடி. கரடியின் வால் முடியைப் பிடித்தபடி ஆட்காட்டி.

முதல் திருப்பம். இரண்டாவது திருப்பம். இருட்டு.

மூன்றாவது திருப்பத்தில் உடும்பு நிற்கவில்லை. நேராக உள்ளே போனது.

கூரையில் பாதிக்குத்தான் வெளிச்சம் இருந்தது. மீதி கறுப்பாக இருந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது, புதிதாய்ப் பார்ப்பவர்களுக்கு. தலைக்கு மேல் நீலப் புள்ளிகள். கீழே நீரில் அதே புள்ளிகள். நடுவில் ஐந்து பேர். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று கால் ஒரு கணம் தயங்கியது.

அவர்கள் பாறை விளிம்பில் பாதி தூரம் வந்திருந்தார்கள். கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. தன்னை மறந்தது.

"அடேயப்பா" என்றது. மெதுவாகத்தான் சொன்னது.

"யார் அது?" என்று உடும்பு கத்தியது.

குகை அதை வாங்கி மூன்று முறை திருப்பிச் சொன்னது. வலது பக்கம் ஒரு முழு மூலை அணைந்தது.

"அண்ணே, அணையுது" என்றது மயில், கீரியின் வாலை விட்டுவிட்டு.

"நீ பேசாதே!"

இடது பக்கம் அணைந்தது.

கீரிக்குப் பொறுக்கவில்லை. அதுவும் வாயிலிருந்த வாலை விட்டது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இப்ப கத்துறது நீங்கதான்."

"நான் வழிகாட்டி! நான் கத்தலாம்!"

நடுவிலும் அணைந்தது. தூரத்தில், நீருக்கு அந்தப் பக்கம், ஒரு கைப்பிடிப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. அவற்றால் யாருக்கும் கால் தெரியவில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? கீரி பயத்தில் உடும்பின் வாலைத் தேடிப் பிடித்து அழுத்திக் கடித்தது. உடும்பு அலறியது. மயில் அகவியது. கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதன் வால் முடி ஆட்காட்டியின் அலகிலிருந்து நழுவியது.

"சத்தம் போடாதே!" என்றது கீரி மயிலிடம்.

"நீ சத்தம் போடாதே!" என்றது மயில் கரடியிடம்.

"நான் எங்கே போட்டேன்? அவரை நிறுத்தச் சொல்லு!" என்றது கரடி.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்றது உடும்பு, எல்லாரையும் விட உரக்க.

அத்தனை பேரும் அமைதி வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கேட்ட சத்தத்திலேயே அமைதி போயிற்று.

ஆட்காட்டி மட்டும் சும்மா இருந்ததா? இல்லை. வாய் விடுபட்டதும் அதுதான் எல்லாருக்கும் மேல் கத்தியது.

"என் முட்டை! என்னை வெளியே விடுங்க! என் முட்டை!"

நீருக்கு அந்தப் பக்கம் மிஞ்சியிருந்த கைப்பிடிப் புள்ளிகளும் அணைந்தன.

ஆட்காட்டி அதைப் பார்த்தது. அதன் கண் அந்தப் புள்ளிகள் மேல்தான் இருந்தது. முதல் கத்தலில் பாதி போயிற்று. இரண்டாவது கத்தலில் மீதி போயிற்று. கடைசி வெளிச்சத்தை அணைத்தது தன் வாய்தான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

இனிமேல் சொல்வது பலருக்குத் தெரியாது. ஆட்காட்டி பறக்கும்போது கத்தும். நிற்கும்போது கத்தும். நடக்கும்போது கத்தும். ஆனால் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும்போது வாய் திறக்காது. கத்தினால் கூடு எங்கே என்று எதிரிக்குத் தெரிந்துவிடும். நரி நாலு அடியில் போனாலும் கல்லோடு கல்லாகக் கிடக்கும். அந்த நேரம் அதைவிட அமைதியான பறவை கிடையாது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. கத்தாதபோது அதை யார் தேடுகிறார்கள்?

அந்த இருட்டில் ஆட்காட்டி கால்களை மடக்கியது. வெறும் பாறை மேல் உட்கார்ந்தது. நாலு முட்டையும் தனக்கு அடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. அலகை மூடியது.

மற்றவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

"பயப்படாதீங்க. எனக்கு வழி மனப்பாடம்" என்றது உடும்பு. நான்கு அடி நடந்தது. டொக் என்று சத்தம் வந்தது.

"என்ன அண்ணே அது?" என்றது கீரி.

"பாறை."

"மனப்பாடத்துல அது இல்லையா?"

 உடும்பின் நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கரடி பின்னால் கையை விட்டுத் துழாவியது. அதன் கை உயரத்தில் யாரும் அகப்படவில்லை.

"என் வாலை யாரும் பிடிக்கலையே" என்றது. "ஆட்காட்டி? ஏ தங்கச்சி?"

பதில் இல்லை.

"ஆட்காட்டியக்கா" என்றது கீரி.

பதில் இல்லை.

"அவ கத்துற சத்தமும் நின்னுபோச்சே" என்றது மயில். "எப்ப நின்னுச்சு?"

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஆட்காட்டி கத்தவில்லை. உலகத்தில் நடக்காத விஷயம். அது உயிரோடு இருந்தால் கத்தியிருக்கும்.

"தண்ணியில விழுந்துட்டா" என்றது கரடி. குரல் உடைந்தது. "நான் உட்கார்ந்தப்ப இடிச்சுத் தள்ளிட்டேன் போல. நாலு முட்டைக்காரியை நான் தள்ளிட்டேன்."

"இருங்க. கேட்டுப் பாருங்க" என்றது உடும்பு. முதல்முறையாக அது மெதுவாகப் பேசியது. "விழுந்திருந்தா தண்ணி அலையும். சிறகு அடிக்கிற சத்தம் வரும். கேளுங்க."

நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

ஆட்காட்டி அவர்களுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. எல்லாம் அதன் காதில் விழுந்தது. கரடியின் குரல் உடைந்ததும் கேட்டது. "நான் இங்கேதான் இருக்கேன் அண்ணே" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அலகு துடித்தது.

ஒரு சொல் சொன்னால் அவர்கள் நிம்மதி அடைவார்கள். நிம்மதி அடைந்தால் மறுபடி பேசுவார்கள்.

ஆட்காட்டி அலகை இறுக்கிக்கொண்டது.

வெளியே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறும் ஒவ்வொரு விரல்கடையும் அந்தப் பறவைக்கு உடம்பில் தெரிந்தது. ஓட வேண்டும் என்று கால் சொன்னது. கத்த வேண்டும் என்று தொண்டை சொன்னது. பிறந்ததிலிருந்து செய்த காரியத்தை அது செய்யவில்லை. உட்கார்ந்தே இருந்தது. சிறுத்தையை எதிர்த்து நிற்கிற தைரியம் நிறைய பேரிடம் உண்டு. தன் தொண்டையை எதிர்த்து நிற்கிற தைரியத்தை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

பத்து மூச்சு. இருபது மூச்சு. நீர் அசையவில்லை. யாரும் பேசவில்லை. கேட்பதை யாரும் நிறுத்தவில்லை. முப்பது. நாற்பது.

ஐம்பதாவது மூச்சு இருக்கும். கூரையின் நடுவில் ஒரு புள்ளி.

கடுகு அளவு. மங்கல் நீலம். அணைந்துவிடுமோ என்று பார்த்தார்கள். அணையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று. பிறகு எண்ணிக்கை போய்விட்டது. நடுவிலிருந்து நான்கு பக்கமும் வெளிச்சம் பரவியது. வலது மூலை வந்தது. இடது மூலை வந்தது. நுழைந்தபோதே கறுப்பாகக் கிடந்த பாதியும் வந்தது. பல நாளாக ஒளியே காட்டாத புழுக்கள் எல்லாம் ஒளி காட்டின.

நூல்கள் தெரிந்தன. ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு சொட்டும் தனியாகத் தெரிந்தது. மழை விழுந்துகொண்டிருக்கும்போது அப்படியே நின்றுவிட்டதைப் போல இருந்தது. நீருக்குள் அதே மழை மேல்நோக்கி நின்றது. மயில் தன் தோகையைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது. பிறகு தோகையைச் சுருட்டி வைத்துக்கொண்டது. மயிலிடம் அதுவரை யாரும் பார்க்காத அடக்கம்.

உடும்பும் மேலே பார்த்தது. அது மேலே பார்த்து இரண்டு கோடை ஆகியிருந்தது. அத்தனை நாளும் பின்னால் திரும்பி, யார் பேசுகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அதன் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அந்த வெளிச்சத்தில்தான் கரடியின் காலடியில் ஆட்காட்டி தெரிந்தது. மடங்கி உட்கார்ந்திருந்தது. அலகு மூடியிருந்தது. கண் மட்டும் அவர்களைப் பார்த்தது.

கீரி வாயைத் திறந்தது. கரடி தன் உள்ளங்கையை அதன் முகத்தின் மேல் வைத்தது. கீரி முழுவதும் அந்தக் கைக்குள் அடங்கிவிட்டது.

எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மறுபடி வரிசை நின்றது. ஆட்காட்டி தானாகவே கரடியின் வால் முடியைப் பிடித்துக்கொண்டது. ஐந்து பேரும் சத்தமில்லாமல் நடந்து துறைக்கு வந்தார்கள். ஆட்காட்டி தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது. வயிற்று இறகைப் பிரித்துப் பிரித்து நனைத்தது. ஓர் இறகு விடாமல் நனைத்தது. எழுந்தபோது சொட்டியது.

இப்போது வெளிச்சம் இருந்தது. வழி தெரிந்தது. இறக்கையை விரித்தால் நொடியில் வாசல். ஆனால் இறக்கை அடித்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் பின்னால் இருக்கும் நால்வருக்கும் மறுபடி இருட்டு.

ஆட்காட்டி பறக்கவில்லை. நடந்தது.

மற்றவர்கள் சுவரோடு ஒட்டி நின்று அதற்கு வழிவிட்டார்கள். கரடி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. உடும்பு தன் வாலைச் சுருட்டி ஓரமாக வைத்துக்கொண்டது. மஞ்சள் கால்கள் அவர்களைத் தாண்டிப் போயின. ஓர் அடிகூடச் சத்தம் எழுப்பவில்லை.

மூன்றாவது திருப்பம். இரண்டாவது. முதல் திருப்பம். வெயில்.

வாசலைத் தாண்டியதும் கத்தியது பாருங்கள், மலையின் அந்தப் பக்கத்து மான்களெல்லாம் தலை தூக்கின. பிறகு ஒரே பறப்பு.

கூழாங்கல் மேட்டில் ஆண் பறவை சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தது. அலகு பிளந்திருந்தது.  நிழல் அதன் காலடிக்கே சுருங்கி வந்துவிட்டது.

"எங்கே இவ்வளவு நேரம்?" என்றது.

"தள்ளு" என்றது ஆட்காட்டி. முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கல்லின் சூடு வயிற்றில் சுட்டது. ஈரம் இறங்கியது. நான்கையும் ஒவ்வொன்றாக அலகால் புரட்டி ஈரத்தில் வைத்தது.

"எப்படி இருக்கு?" என்றது ஆண்.

"இருக்கு. நீ போ. குகைக்குப் போய் நனைஞ்சுட்டு வா. சாயங்காலம் வரைக்கும் மாத்தி மாத்திப் போகணும்" என்று ஆட்காட்டி கிசுகிசுத்தது.

"உடும்பு விடுமா?"

"விடும்."

உடும்பு விட்டது. அன்று முழுவதும் விட்டது. மறுநாளும் விட்டது. ஐந்தாம் நாள் கோடைமழை பெய்தது. எட்டாம் நாள் நாலு முட்டையும் பொரிந்தன. நாலு குஞ்சும் நன்றாகவே கத்தின.

உடும்பு இப்போதும் அந்தக் குகைக்கு வழிகாட்டிதான். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும். உள்ளே போனபின் ஒரு சொல் கிடையாது. யாராவது பேசினால் அது திட்டுவதில்லை. நின்றுவிடும். அது நிற்பதைப் பார்த்துப் பேசியவரும் நின்றுவிடுவார். மூன்றாவது திருப்பத்தில் ஐம்பது மூச்சு. ஒன்று குறையாது.

போன மாதம் வெளிக்காட்டிலிருந்து ஒரு காட்டுமாடு வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "எத்தனையோ குகை பார்த்திருக்கேன். இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. எப்படி உடும்பண்ணே அத்தனை பேரையும் வாய் திறக்காம வச்சீங்க? பெரிய ஆள் நீங்க" என்றது.

பாராட்டு என்றால் உடும்புக்கு உயிர். எல்லாருக்கும் தெரியும்.  இந்த முறை அது ஆசையை விழுங்கிக்கொண்டது.

"என்னைச் சொல்லாதீங்க" என்றது. "இந்தக் குகையை இருட்டாக்கினவன் நான். சரி பண்ணினது வேற ஆளு."

அடுத்தவர் வாயை அடக்க நினைப்பவர் முதலில் தன் வாயை அடக்க வேண்டும். அன்று அந்த இருட்டில் அதை முதலில் செய்து காட்டியது ஆட்காட்டிக் குருவி.